அரிசி மூட்டை இருக்கிறது, தெர்மாமீட்டர் எங்கே?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காய்ச்சலைப் பற்றித்தான். ஐப்பசி பிறந்தால் எனக்கு இது பழக்கம்தான், சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்த காலத்திலும் செருப்பு தேய்வது இந்த மாதத்தில்தான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்த ஆள். அந்தக் கண்ணோடுதான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: டிவியில் புது வைரஸ் என்று ஒரு வரி ஓடினாலே என் கணவர் கடைக்குக் கிளம்பிவிடுவார். 2020-இல் பட்ட பாடு அப்படி. இப்போது வீட்டில் மூன்று மூட்டை அரிசி, ஒரு பெட்டி சானிடைசர், யாரோ சொன்னார்கள் என்று வாங்கிய ஆன்டிபயாடிக் அட்டைகள் எல்லாம் இருக்கின்றன. மாமியாருக்கு 74 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு, இன்சுலின் போடுகிறோம். ஆறு வயதில் ஒரு பையன். நிஜமாகவே ஒரு நோய் பரவினால் வீட்டில் என்னதான் இருக்க வேண்டும்?
— வாசகி, மன்னார்குடி

பதில்: கணவரைத் திட்டாதீர்கள் அம்மா. கடை வாசலில் சுண்ணாம்பு வட்டம் போட்டு நிற்க வைத்தார்களே, அதில் நின்றவர்களுக்கு அந்தப் பயம் லேசில் போகாது. ஆனால் எங்கள் தெருவில் அப்போது ஆட்கள் அலைந்தது அரிசிக்காக இல்லை, தினமும் போடுகிற மாத்திரைக்காக. அதனால் முதலில் மாமியாரின் மருந்து. எப்போது பார்த்தாலும் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாகக் கையில் இருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், அட்டையில் கடைசி இரண்டு மாத்திரை மிஞ்சும்போது பையனை மெடிக்கலுக்கு ஓடச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள், அவர் பெயர் அதில் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். இன்சுலினை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, கீழ்த் தட்டில்தான். மழையில் இரண்டு நாள் கரண்ட் போனால், ஈர மணலில் நிறுத்திய மண்பானைக்குள் தண்ணீர் படாமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்துச் சமாளிக்கலாம்.

அந்த ஆன்டிபயாடிக் அட்டைகள் வேண்டாம். வைரஸை அவை ஒன்றும் செய்யாது. 1994-இல் சூரத்தில் பிளேக் என்று செய்தி பரவியதும் லட்சக்கணக்கான பேர் ரயிலேறி ஓடினார்கள், கடைகளில் டெட்ராசைக்ளின் தீர்ந்துபோனது, வாங்கி விழுங்கியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எந்த நோயும் இருந்திருக்காது. பயந்தவன் அலமாரியில் மருந்து தூங்கினால் படுத்தவனுக்குக் கிடைக்காது, அவ்வளவுதான் கணக்கு. சானிடைசர் பெட்டியை அடுப்படியிலிருந்து தள்ளி வையுங்கள், அதில் பாதிக்கு மேல் ஆல்கஹால். வீட்டில் இருப்பவர்களுக்குச் சோப்பே போதும்.

சரி, வாங்க வேண்டியது என்ன? ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், நூற்றுக்கு எத்தனை வீட்டில் இது இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும், புறங்கையை நெற்றியில் வைத்து 'கொதிக்குது' என்று சொல்வதோடு சரி. டாக்டர் கேட்பது எத்தனை டிகிரி, எத்தனை நாளாக என்பதைத்தான். அப்புறம் பாராசிட்டமால், பெரியவர்களுக்கு மாத்திரை, பையனுக்குச் சிரப், அவன் எடையைச் சொல்லி எத்தனை மில்லி என்று டாக்டரிடம் கேட்டு பாட்டிலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டர் 2021-இல் வாங்கியது எங்கேயாவது கிடக்கும், புது பேட்டரி போட்டுச் சோதித்துப் பாருங்கள். இருமலோடு காய்ச்சல் இருக்கிறவருக்கு 94-க்குக் கீழே காட்டினால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. மாஸ்க் ஒரு பெட்டி போதும், பத்துப் பெட்டி வேண்டாம்.

வாந்தி பேதிக்குக் கொடுக்கிற ஓஆர்எஸ் உப்பு-சர்க்கரைப் பொடி, பத்துப் பாக்கெட். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த வீடுகளில் அதிகம் தப்பு நடப்பது இதில்தான். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதைப் பிரித்துப் பாதியை டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுக்கிறார்கள், உப்பு ஏறிப்போய் குழந்தைக்கு இன்னும் கேடு. முழுப் பாக்கெட்டையும் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டரில் கலக்கி, ஒரு நாளுக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பாக்கெட் கிடைக்காத ராத்திரியில் அதே ஒரு லிட்டரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 1971-இல் பங்களாதேஷ் போரின்போது எல்லையோரத்து பன்காவ் அகதி முகாமில் காலரா, ஆஸ்பத்திரித் தரையெல்லாம் ஆட்கள், சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டிருக்கிறது. டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் குழாய் போட்டு, கூட வந்த சொந்தக்காரர்களையே ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நாலுக்கும் கீழே இறங்கியது. ஊற்றிக் கொடுத்தவர்கள் அம்மாக்களும் தம்பிகளும்தான், நர்சுகள் இல்லை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் மாமியார் இருக்கிறார், பையன் இருக்கிறான், கணவர் மூட்டையோடு இருக்கிறார், ஒரு ஆளை மட்டும் காணோம். நீங்கள். நீங்கள் படுத்துவிட்டால் மாமியாருக்கு இன்சுலின் யார் போடுவது, எத்தனை யூனிட் என்று கணவருக்குத் தெரியுமா? நோய் வருகிற வீட்டில் முதலில் படுப்பவரை எல்லோரும் கவனிப்பார்கள், அவரைக் கவனித்தவர் படுக்கும்போதுதான் வீடு நின்றுபோகும். அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவரைக் கடைக்கு அனுப்பாமல் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த மாத்திரை காலை, எது சாப்பாட்டுக்கு முன், ஊசி எப்படி, இரண்டு பேரும் விழுந்தால் வந்து நிற்கக்கூடியது உங்கள் அண்ணனா அவர் தங்கையா, எல்லாவற்றையும் அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டட்டும். அவர் கையாலே என்பது முக்கியம், நீங்கள் எழுதினால் அவர் படிக்கமாட்டார்.

கேள்வி: வாரம் ஒருமுறை நிலவேம்புக் குடிநீர் குடித்தால் டெங்கு வராது என்கிறார்களே, போதுமா?
— வாசகர், சங்கரன்கோவில்

பதில்: குடியுங்கள், நான் தடுக்கவில்லை, 2012-இல் டெங்கு பெரிதாகப் பரவியபோது அரசே அதைக் கொடுத்தது. ஆனால் கொசு உங்களைக் கடிக்கும்போது நீங்கள் கஷாயம் குடித்தீர்களா என்று கேட்பதில்லை. என் கவலையெல்லாம் வேறு. கஷாயம் குடித்தோம், நாலாம் நாள் காய்ச்சல் விட்டது, சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். டெங்குவில் ஆபத்து ஆரம்பிப்பதே பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான். வயிற்றில் கடுமையான வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இதில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிட்டுவிட வேண்டும். உடம்பு வலிக்கிறது என்று புரூஃபன், ஆஸ்பிரின் வகை மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும். நிறையக் கஞ்சி, மோர், இளநீர். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரைக் கேட்க வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பக்கம் சாக்கடையே கிடையாது, அவ்வளவு சுத்தம். ஆனாலும் போன வருஷம் இரண்டு பேருக்கு டெங்கு. புகை அடிக்கக் கூட யாரும் வரவில்லை. யாரிடம் புகார் கொடுப்பது?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்களிடமே கொடுங்கள். கோபப்படாதீர்கள், டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது, உங்களைப் போலவே அதற்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். அது நெடுந்தூரம் பறக்கிற ஜாதியும் இல்லை, உங்களைக் கடித்தது அநேகமாக உங்கள் வீட்டிலோ பக்கத்து மாடியிலோ பிறந்ததுதான். நான் டார்ச் அடித்த இத்தனை வருஷத்தில், 'எங்க வீட்ல ஒண்ணும் இல்ல சார்' என்று வாசலிலேயே மறித்த வீடுகளில் புழு கிடைத்த இடத்தைச் சொல்கிறேன்: ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு. மணி பிளான்ட் பாட்டில். மூடி உடைந்த மேல்நிலைத் தொட்டி. கொல்லையில் யாரும் தொடாத ஆட்டுக்கல்லின் குழி, மழை பெய்தால் அது ஒரு சின்னக் குளம்.

முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும், ஆகவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டால் முடிந்தது. கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தை நாரால் தேய்க்க வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கிற முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். புகை அப்போது பறந்துகொண்டிருக்கிற கொசுவைத்தான் கொல்லும், தொட்டிக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. ஆனால் புகை வண்டி வந்தால் ஜனங்களுக்கு ஒரு திருப்தி. இது பகலில் கடிக்கிற கொசு என்பதால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு முழுக்கால் சட்டை, மத்தியானம் தூங்கும் குழந்தைக்கும் வலை.

கேள்வி: காய்ச்சல் வந்தவரைத் தனி அறையில் வையுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்களுக்கு இருப்பதே ஒரு அறையும் சமையல்கட்டும். ஐந்து பேர். எங்கே வைப்பது?
— வாசகி, வியாசர்பாடி, சென்னை

பதில்: நியாயமான கேள்வி, அறிவுரை எழுதுகிறவர்கள் மூன்று படுக்கையறை வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறார்கள். நம் ஊரில் அம்மை பார்த்தால் என்ன செய்தார்கள்? வாசலில் வேப்பிலை செருகினார்கள், பார்த்ததும் வெளியாள் படி ஏறமாட்டார். படுத்தவருக்குத் தனிப் பாய், தனிப் போர்வை, ஒரே ஆள்தான் பணிவிடை. தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் அந்தக் கட்டுப்பாடு, அதற்குள் கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். அதெல்லாம் பெரிய வீட்டில் நடந்ததில்லை, கூரை வீட்டில் நடந்தது.

அதையேதான் இப்போதும் செய்ய வேண்டும். இருமல், சளி வகைக் காய்ச்சல் என்றால் படுத்தவர் ஜன்னல் ஓரம், மற்றவர்கள் கதவுப் பக்கம், தலைமாட்டுக்குக் கால்மாடாக மாற்றிப் படுங்கள். ஜன்னலும் கதவும் திறந்தே இருக்கட்டும், டேபிள் ஃபேன் இருந்தால் காற்றை வெளியே தள்ளுகிற மாதிரி ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். அவரும் பார்த்துக்கொள்பவரும் மாஸ்க் போட வேண்டும், கவனிப்பது ஒரே ஆள், வயதானவராகவோ கர்ப்பிணியாகவோ அந்த ஆள் இருக்கக் கூடாது. பாட்டியை நாலு நாள் உறவுக்காரர் வீட்டில் விட முடியுமா என்று இப்போதே பேசி வையுங்கள், காய்ச்சல் வந்த பிறகு கேட்டால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் மனத்தாங்கல். டெங்கு என்றால் கதை வேறு, மூச்சில் பரவாது, படுத்தவரைக் கொசுவலைக்குள் வைத்தால் போதும், அவரைக் கடித்த கொசு உங்களைக் கடிக்காமல் இருப்பதற்கு.

வாந்தி பேதி என்றால் கவனம் கக்கூசிலும் குடத்திலும். குடிதண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள், குடத்துக்குள் கைவிட்டு மொள்ளாமல் நீளப்பிடி அகப்பையால் எடுங்கள். கழுவும்போது பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள். சின்ன இடத்தில் அந்தப் புகை நெஞ்சை அடைத்துவிடும்.

கேள்வி: நான் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தனியாக இருக்கிறேன். வயது 24. பிஸ்கட், நூடுல்ஸ் எல்லாம் வாங்கி வைக்கவா?
— வாசகர், சென்னை

பதில்: காய்ச்சலில் கிடக்கிறவன் நூடுல்ஸ் தின்னமாட்டான் தம்பி. ஒரு தெர்மாமீட்டர், ஒரு அட்டை பாராசிட்டமால், ஐந்து ஓஆர்எஸ், தண்ணீர் காய்ச்ச ஒரு கெட்டில், அவ்வளவுதான். சந்தேகம் என்றால் அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104-க்கு அடித்துக் கேட்கலாம். உன் சிக்கல் சாமான் இல்லை, நீ இரண்டு நாள் கதவைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியும் என்பதுதான். சாவி ஒன்றை மேனேஜரிடம் கொடுத்து வை, ஊரில் அம்மாவின் நம்பரை அவரிடமும் அவர் நம்பரை அம்மாவிடமும் கொடு. பக்கத்து அறையில் இருப்பவர் பெயர் உனக்குத் தெரியாது என்று பந்தயம் கட்டுகிறேன், இன்றைக்கு டீ குடிக்கப் போகும்போது அவரையும் கூப்பிடு.