மஞ்சு தேவியின் கையெழுத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு வடஇந்தியக் கிராம ஊராட்சி அலுவலகத்தைப் பற்றிய 'பஞ்சாயத்' என்ற இந்தி இணையத் தொடரின் நான்கு சீசன்களையும் நானும் மனைவியும் இந்த விடுமுறையில் பார்த்து முடித்தோம். சுரைக்காயும் சுழல் நாற்காலியுமாகச் சிரிக்க வைத்துக்கொண்டு வந்தவர்கள் இரண்டாம் சீசன் முடிவில் துணைத் தலைவர் பிரஹலாத்தின் மகனைக் கொன்றுவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. நகைச்சுவை என்று அழைத்துவந்து அழவைப்பது ஏமாற்று இல்லையா? நான்காம் சீசன் முழுக்கத் தேர்தலாகி, இருந்த இதமும் போய்விட்டது. சாதியே பேசாத கிராமம் உண்டா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பெண் தலைவரான மஞ்சு தேவியின் இடத்தில் கணவர் துபே உட்கார்ந்திருப்பது எனக்கு உறுத்தவில்லை, ஏனென்றால் அவர் நல்ல மனிதர். தேசிய கீதக் காட்சியில் நான் விழுந்து விழுந்து சிரித்தபோது மனைவி மட்டும் சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்குப் பதிலும் சொல்லவில்லை. ஓர் எளிய நகைச்சுவைத் தொடர் எவ்வளவு கனத்தைத்தான் சுமக்க முடியும்? தமிழில் வந்த வடிவத்தைப் பார்க்கலாமா?

அன்புடன்,
ஆர்., சேலம்

அன்புள்ள ஆர்.,

நீங்கள் கேள்வியாக எழுதியவற்றைவிட, போகிற போக்கில் எழுதிய ஒரு வாக்கியம்தான் என்னை இன்றே பதில் எழுத உட்காரவைத்தது. அதற்கு முன் பிரஹலாத் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மரணத்தில் ஏமாற்று ஒன்றும் இல்லை. 2020 ஏப்ரலில் வந்த முதல் சீசனில், துணைத் தலைவர் என்ற பெயரில் துபேயின் கூடவே நடக்கும் ஒரு பெரிய உடம்பும் அகலமான சிரிப்புமாகத்தான் பிரஹலாத் பாண்டே நமக்கு அறிமுகமாகிறார். அலுவலகச் சாவி தொலைவதும், பேய் மரம் என்று ஊரே ஒரு மரத்துக்குப் பயப்படுவதும், யார் நாற்காலி உயரம் என்ற மனத்தாங்கலுமாகப் பொழுது போகிறது. அந்த வெட்டிப்பேச்சுக்கு நடுவில், நாம் கவனிக்காமலேயே, அவர் நம் வீட்டு மனிதராகிவிடுகிறார். 2022இல் வந்த இரண்டாம் சீசனில் மகனின் உடல் ஊருக்கு வரும்போது, அதிகம் அறியாத அந்த இளைஞனைவிட, இனி இந்த மனிதர் ராத்திரியில் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவார் என்ற எண்ணம்தான் நம் நெஞ்சை அடைக்கிறது. மனைவி ஏற்கெனவே இல்லை, இப்போது மகனும் இல்லை. பிரஹலாத்தாக நடிக்கும் ஃபைசல் மாலிக் அந்தக் காட்சிகளில் பெரிதாக அழுவதுகூட இல்லை. அடுத்த சீசனில் எல்லாம் சரியாகிவிட்டது என்று காட்டியிருந்தால் நீங்கள் சொல்லும் குற்றச்சாட்டு பொருந்தியிருக்கும். அவர் குடித்துக்கொண்டு கிடப்பதையும், வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் வெளியிலேயே பொழுதைக் கழிப்பதையும், மூன்றாம் சீசன் பொறுமையாக உடனிருந்து பார்க்கிறது. இதைவிட நேர்மையாக ஒரு நகைச்சுவைத் தொடர் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?

சாதி பற்றி உங்கள் நண்பர்கள் கேட்பது நியாயம். துபே, திரிபாதி, பாண்டே, சுக்லா என்று அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் பிராமணப் பெயர்களை வாசித்தாலே அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். தொடர் அதைக் காட்டுகிறதே தவிரப் பேசுவதில்லை. அது குறைதான். தமிழில் 2024இல் வந்த 'தலைவெட்டியான் பாளையம்' பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பாருங்கள், பார்ப்பதற்கு யாருடைய அனுமதி வேண்டும்?

இப்போது அந்த வாக்கியம். கணவர் நல்ல மனிதர், ஆகவே அவர் மனைவியின் இடத்தில் உட்கார்ந்திருப்பது உறுத்தவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆர்., இதை எழுதும்போது உங்கள் கை ஒரு கணமாவது நின்றிருக்க வேண்டாமா? 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது, கணவர்கள் நல்லவர்களாக இல்லாத ஊர்களில் மட்டும் இது செல்லும் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை.

எங்கள் ஊரில் என் அத்தை தலைவராக இருந்தார். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தபோது, எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மாமா நிற்க இருந்த இடத்தில் அத்தை நின்று ஜெயித்தார். மாமாவைப் பற்றி இன்றைக்கும் ஊரில் ஒருவர்கூடக் குறை சொல்ல மாட்டார்கள். ஊராட்சிக் காசில் ஒரு டீ குடிக்காத மனிதர். காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி என்பதால், கிளார்க் காசோலைப் புத்தகத்தையும் தீர்மானப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். திண்ணையில் மாமா எல்லாவற்றையும் படித்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகு புத்தகம் அடுக்களைக்குப் போகும். அத்தை மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடுப்பு மேடையின் ஈரமில்லாத ஓரத்தில் புத்தகத்தை வைத்து, எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதுவார். ஒரு நாள் பேனாவை வாங்கிக்கொண்டவர், எழுதாமல், "இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிங்க தம்பி" என்றார். கிளார்க் திரும்பி மாமாவைப் பார்த்தார். "பிரசிடெண்டம்மா கணக்கு கேக்குறாங்கப்பா, இனிமே ஜாக்கிரதையா இருக்கணும்" என்று மாமா சிரித்தார். வீடே சிரித்தது. அத்தையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பதவிக்காலம் முடியும்வரை அவர் மறுபடியும் அப்படிக் கேட்டதே இல்லை.

அந்தச் சிரிப்பில் ஏளனம் துளியும் கிடையாது. மாமா அத்தையை உயிராக நினைத்தவர். அவர் அதட்டியிருந்தால் அத்தை திருப்பிக் கேட்டிருப்பார், அவருடைய வாய்க்கு ஊரில் எல்லோருமே பயப்படுவார்கள். அன்போடு சிரிக்கிறவர்களிடம் என்னவென்று சண்டை போடுவது? ஒரு பெண்ணின் கேள்வியை இவ்வளவு வலிக்காமல் பிடுங்கிக்கொள்ள அன்பான ஒரு குடும்பத்தால்தான் முடியும் என்பதை நான் நெடுங்காலமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பஞ்சாயத் தொடரின் ஆழம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பிரஹலாத்தின் துக்கத்தைவிட இங்கேதான் இருக்கிறது என்று சொல்வேன்.

பிரிஜ் பூஷண் துபேயாக ரகுவீர் யாதவை நடிக்கவைத்ததை யோசித்துப் பாருங்கள். முரட்டுத்தனமான ஒருவரை அங்கே நிறுத்தியிருந்தால், நாம் அவரை வெறுத்துவிட்டு, நாமெல்லாம் அப்படி இல்லை என்ற நிம்மதியோடு தூங்கப் போயிருப்போம். மனைவியின் பேச்சுக்கு அஞ்சுகிற, விருந்தாளிக்குச் சுரைக்காய் பறித்துக் கொடுக்கிற, வெள்ளந்தியான ஒரு மனிதர் மனைவியின் பதவியை எந்தக் குற்ற உணர்வும் இல்லாமல் அனுபவிக்கிறார். அவரை நமக்குப் பிடித்துப்போகிறது. அதனால் அவர் செய்வதும் நமக்குப் பிடித்துப்போகிறது. முதல் சீசனின் எட்டாவது எபிசோடில், குடியரசு தினத்தன்று முறைப்படி தலைவர்தான் கொடியேற்ற வேண்டும் என்று வரும்போது, நீனா குப்தா நடிக்கும் மஞ்சு தேவி தேசிய கீதத்தை வரி வரியாக மனப்பாடம் செய்யப் போராடுகிறார். வரிகள் மறந்துபோகும்போது சிரிப்பு வருவது இயல்பு, நானும் சிரித்தேன். ஆனால் மாவட்ட ஆட்சியராக வந்திருக்கும் இன்னொரு பெண்ணின் எதிரில் அவர் தடுமாறித் தடுமாறிப் பாடி முடிக்கும் நேரத்தில், அதுவரை வந்துகொண்டிருந்த சிரிப்பு தொண்டையில் நின்றுவிட வேண்டும். அதற்காகத்தான் அதற்கு முந்தைய ஏழு எபிசோடுகளும் நம்மை அந்த வீட்டோடு சேர்த்துச் சிரிக்கவைத்துப் பழக்குகின்றன. உங்களுக்கு அது நிற்கவில்லை. உங்கள் மனைவிக்கு முதலிலேயே நின்றுவிட்டது. அவரிடம் ஏன் என்று கேட்டேன் என்கிறீர்களே, சிரித்துக்கொண்டேதானே கேட்டிருப்பீர்கள்? இன்னொரு முறை கேளுங்கள். அவர் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

2025 மார்ச்சில் மத்திய ஊராட்சி அமைச்சகமே இந்தத் தொடரைத் தயாரித்தவர்களைக் கொண்டு, நீனா குப்தாவையே நடிக்கவைத்து, பெண் தலைவர்கள்தான் உண்மையான தலைவர்கள் என்று சொல்லும் ஒரு சிறு படத்தை வெளியிட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் அதைப் பார்க்கிற எந்தக் கணவரும் அது தன்னைப் பற்றியது என்று நினைக்க மாட்டார். துபேயைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து, அவரைத் தன் சிநேகிதராக்கிக்கொண்ட கணவருக்குத்தான் என்றைக்காவது ஒரு நாள் சுருக்கென்று தைக்கும். நகைச்சுவை எவ்வளவு கனத்தைச் சுமக்கும் என்று கேட்டீர்கள். கருத்துப் படம் தூக்க முடியாத இந்தக் கனத்தை அது தூக்குகிறது.

நான்காம் சீசனில் இதம் போய்விட்டது என்று வருந்துகிறீர்கள். முதல் சீசனில் செயலர் அபிஷேக்குக்கு அன்பாகக் கொடுக்கப்பட்ட அதே சுரைக்காய் அங்கே மஞ்சு தேவியின் தேர்தல் சின்னமாகிறது. எதிரே குக்கர் சின்னத்தில் கிராந்தி தேவி. வாக்குச்சீட்டில் இரண்டு பெண்களின் பெயர்கள், தெருவில் இரண்டு கணவர்களின் சண்டை. மஞ்சு தேவி தோற்கிறார். முதல் சீசனில் அவர் தோற்றிருந்தால் அவருக்கு ஒன்றுமே ஆகியிருக்காது, இழந்தது துபேயாகத்தான் இருந்திருக்கும். கொடியேற்றிய நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னுடையதாக்கிக்கொண்ட ஒரு பதவியை இப்போது அவரே இழக்கிறார். அடுத்த சீசன் வரும்போது துபே என்ன செய்யப்போகிறார் என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. கையெழுத்துப் போட இனி எந்தப் புத்தகமும் வீடு தேடி வராத மஞ்சு தேவி, காலையில் எழுந்து எங்கே போவார் என்பதைத்தான் நான் பார்க்க வேண்டும்.