சீரியல் போர்ட் முதல் விண்வெளி நிலையம் வரை: ஹாம் மென்பொருள் கேள்வி பதில்

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்கும், தரவை ஒவ்வொரு பிட்டாகக் கம்பி வழியே அனுப்பும் சீரியல் கருவிகளுக்கும் பயன்படும் கட்டற்ற மென்பொருள்கள் பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். லினக்ஸில் இயக்குவோரை மனத்தில் வைத்தே விடைகள் அமைந்துள்ளன.

கேள்வி (கோவை மாணவர்): ஐயா, யுஎஸ்பி சீரியல் கேபிளைச் செருகி, சீரியல் கருவியோடு பேச உதவும் மினிகாம் நிரலைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ கட்டளையைப் போட்டால் வேலை செய்கிறது. அப்படியே தொடரலாமா?

பதில்: வேண்டாம். உபுண்டுவிலும் டெபியனிலும் சீரியல் போர்ட்டுகள் டயல்-அவுட் என்னும் பயனர் குழுவுக்கு உரியவை. தொலைபேசி மோடம் காலத்தில் வைத்த பெயர் அது. உங்கள் கணக்கை அந்தக் குழுவில் ஒருமுறை சேர்த்துவிட்டு, கணினியிலிருந்து வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். இந்தக் கடைசிப் படியைச் செய்யாமலேயே பலிக்கவில்லை என்று சோர்ந்துவிடுகிறவர்கள் பலர்.

கேள்வி (மதுரை): கருவி அனுப்புவது மினிகாம் திரையில் தெளிவாக வருகிறது. நான் தட்டச்சு செய்வதற்கு மட்டும் கருவியிடமிருந்து எந்தப் பதிலும் இல்லை. கேபிள் பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுது இராது. அனுப்புவதற்கு ஒன்று, பெறுவதற்கு ஒன்று, தரைக்கு ஒன்று என மூன்று கம்பிகள் மட்டும் உள்ள இணைப்பாக அது இருக்கக்கூடும். மினிகாமில் வன்பொருள் வழி ஓட்டக் கட்டுப்பாடு இயல்பாகவே இயங்கும் நிலையில் இருப்பதால், எதிர்முனையிலிருந்து ‘அனுப்பலாம்’ என்ற சமிக்ஞை சிடிஎஸ் கம்பியில் வரும்வரை அது காத்திருக்கும். உங்களிடம் அந்தக் கம்பியே இல்லை. கண்ட்ரோலும் ஏ-யும் சேர்த்து அழுத்தி, பிறகு ஓ-வை அழுத்தினால் அமைப்புகள் திறக்கும். அங்கே சீரியல் போர்ட் பகுதியில் எஃப் விசையைத் தட்டி அந்த ஓட்டக் கட்டுப்பாட்டை நிறுத்திவிடுங்கள்.

கருவி பதில் தருகிறது, நீங்கள் தட்டும் எழுத்து மட்டும் திரையில் தெரியவில்லை என்றால் அது வேறு சங்கதி. கண்ட்ரோல்-ஏ, பிறகு ஈ என்று அழுத்தினால் எழுத்துகள் தெரியும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பழைய ஆர்எஸ்-232 கேபிளை 3.3 வோல்ட் பலகையில் நேராகச் செருகிவிடாதீர்கள். அந்தக் கம்பிகளில் 12 வோல்ட்கூட வரலாம், பலகை தாங்காது.

கேள்வி (திருச்சி, புதிதாக உரிமம் பெற்றவர்): எழுத்துச் செய்திகளை வானொலி வழி அனுப்பும் எஃப்எல்டிஜி நிரலைத் திறந்த உடனே, கேபிளால் கணினியோடு இணைத்த கையடக்க வானொலியில் சிவப்பு விளக்கு எரிகிறது. நான் எந்தப் பொத்தானையும் தொடவில்லை.

பதில்: இதை அசட்டையாக விடாதீர்கள், உங்கள் வானொலி அப்போது ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. எனக்கும் தொடக்கத்தில் இது நேர்ந்தது. நிரலைத் திறந்துவிட்டுத் தேநீர் போடச் சென்றேன். திரும்பி வந்து கையில் எடுத்தபோது வானொலியின் முதுகு சுட்டது. சமிக்ஞைகளை மறு ஒலிபரப்பு செய்யும் ரிப்பீட்டர் நிலையத்தை வெற்று அலையால் அடைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது.

சீரியல் போர்ட்டில் தரவுக் கம்பிகளோடு ஆர்டிஎஸ், டிடிஆர் என்ற இரு கட்டுப்பாட்டுக் கம்பிகளும் உண்டு. எந்த நிரல் போர்ட்டைத் திறந்தாலும் லினக்ஸ் கெர்னல் இவ்விரண்டையும் உயர்நிலைக்குக் கொண்டுபோய்விடும், ஏனெனில் கணினி தயாராக இருப்பதை மோடத்துக்கு அறிவிக்கும் வழி அதுவாகத்தான் இருந்தது. நம் கேபிளிலோ அதே ஆர்டிஎஸ் கம்பி ஒரு மின்தடை வழியாக டிரான்சிஸ்டரின் பேஸுக்குச் சென்று, ஒலிபரப்பைத் தொடக்கும் பிடிடி கம்பியைத் தரையோடு சேர்க்கிறது. வானொலியைக் கணினியால் கட்டுப்படுத்த உதவும் ஹாம்லிப் நூலகத்தின் அமைப்பில் இரு கம்பிகளின் தொடக்க நிலையையும் ‘ஆஃப்’ என்று குறித்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும். ஆனாலும் திறக்கும் கணத்தில் ஒரு சிறு துடிப்பு தப்பி வரலாம்.

ஆகவே நிரலை முதலில் திறந்து, வானொலியைப் பிறகு இயக்குவதே நல்ல பழக்கம். வானொலியின் ஒலிபரப்பு நேர வரம்பை 60 வினாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேபிளை நீங்களே பற்றவைப்பவராக இருந்தால், ஆர்டிஎஸ் உயர்ந்தும் டிடிஆர் தாழ்ந்தும் இருக்கும்போது மட்டுமே பிடிடி இயங்கும்படி சுற்றை அமையுங்கள். திறக்கும்போது இரண்டும் சேர்ந்தே உயர்வதால் ஒலிபரப்பு தொடங்காது. பாக்கெட் எனப்படும் தரவுத் துண்டுகளை வானொலி வழி அனுப்பிப் பெறும் டயர் வுல்ஃப் மென்பொருளில் இதற்கென்றே அமைப்பு வசதி உண்டு.

கேள்வி (சென்னை): வலுக்குன்றிய சமிக்ஞைகளுக்கான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் நிரல் ஓடும்போது, தொடர்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டு மென்பொருளால் அலைவரிசை எண்ணைப் படிக்க முடியவில்லை. போர்ட் பயன்பாட்டில் இருக்கிறதாம்.

பதில்: ஒரு சீரியல் போர்ட்டை இரு நிரல்கள் ஒரே நேரத்தில் ஆள நினைத்தால் கட்டளைகள் கலந்து குழம்பும். ஹாம்லிப்புடன் வரும் ரிக்-சிடிஎல்-டி என்ற பின்னணிச் சேவையை இயக்கி, போர்ட்டை அதனிடம் மட்டும் ஒப்படையுங்கள். அது டிசிபி 4532 என்ற வலைப்பின்னல் போர்ட்டில் காத்திருக்கும். இரு நிரல்களும் அங்கே சென்று கேட்டுக்கொள்ளட்டும். அமைப்பில் வானொலியின் மாதிரியாக ஹாம்லிப் நெட் ரிக்-சிடிஎல் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேள்வி (நாகர்கோவில்): 14.074 மெகாஹெர்ட்ஸில் எஃப்டி8 என்ற தரவு முறையின் கோடுகள் திரையில் பளிச்சென்று தெரிகின்றன. ஒரு வரிகூடச் செய்தியாக விரிவதில்லை.

பதில்: கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். 2017-இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் உருவாக்கிய இம்முறையில் காலம் 15 வினாடிக் கூறுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கூற்றிலும் 12.64 வினாடி ஒலிபரப்பு. இரைச்சலுக்கு மிகக் கீழே இருக்கும் சமிக்ஞையையும் அது மீட்டெடுக்கும், ஆனால் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால்தான் முடியும். இரண்டு மூன்று வினாடி பிசகினாலே திரை வெறுமையாகிவிடும். குரோனி என்ற நேரச் சேவையை நிறுவுங்கள். இணையம் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் கருவி உதவும்.

கேள்வி (சேலம்): ஹாம் அலைவரிசையில் செய்தியை மறையீடு செய்து அனுப்பலாமா?

பதில்: கூடாது. பொருளை மறைக்கும் நோக்கில் குறியீடு செய்வதைப் பன்னாட்டு வானொலி விதிகளே தடுக்கின்றன. செய்தியைச் சுருக்கி அனுப்பலாம், ஆனால் சுருக்கும் முறை எவரும் விரித்துப் படிக்கும்படி வெளிப்படையாக இருக்க வேண்டும். மூல நிரல் திறந்திருக்கும் மென்பொருள்களையே நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி (தஞ்சாவூர் ஆசிரியர்): உரிமம் இல்லாத என் மாணவர்களுக்கு எதைக் காட்டலாம்?

பதில்: ஒலிபரப்பத்தான் உரிமத் தேர்வும் அழைப்புக் குறியும் வேண்டும், கேட்கும் அனுபவத்திலிருந்தே அவர்கள் தொடங்கட்டும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பாக்கெட்டுகளை வாங்கி மறு ஒலிபரப்பு செய்யும் டிஜிபீட்டர் 145.825 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் நாளாகப் பார்த்து, வானொலியின் ஒலியைக் கணினியின் மைக் துளையில் கொடுத்து டயர் வுல்ஃபை ஓடவிடுங்கள். சமிக்ஞை இல்லாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் பாக்கெட்டின் தலைப்பகுதி வெட்டுப்படும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அருகே ஒலி அளவு ஓர் எண்ணாகத் தெரியும். அது 50-ஐ ஒட்டி இருக்குமாறு ஒலியைச் சரிசெய்யுங்கள். நிலையம் தலைக்கு மேல் கடக்கும் சில நிமிடங்களில் முதலில் கரகரப்பு, பிறகு சட்டென்று ஒரு கிறீச்சொலி, அதன் பின்னால் திரையில் யாரோ ஒருவருடைய அழைப்புக் குறியுடன் ஒரு வரி வரும். அந்த வரியைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள்.