இதயத்துக்கு ஒரு ஸ்டென்ட், தொடைக்கு வேறு ஸ்டென்ட் ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, பீடிப் பழக்கமும் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து இதயத்தில் ஒரு ஸ்டென்ட் (ரத்தக்குழாயை அடையாமல் திறந்து வைத்திருக்கும் சிறிய உலோக வலைக்குழாய்) வைத்தார்கள். அதன்பிறகு நெஞ்சில் எந்தத் தொந்தரவும் இல்லை. இப்போது இரண்டு தெரு நடந்தாலே வலது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. கொஞ்சம் நின்றால் சரியாகிவிடுகிறது. ஸ்கேனில் தொடை ரத்தக்குழாயில் அடைப்பு என்று வந்திருக்கிறது. “இதயத்தில் வைத்தது வேறு, இதற்குத் தானாக விரியும் ஸ்டென்ட் வைக்க வேண்டும்” என்கிறார் மருத்துவர். இதயத்துக்கே நன்றாக வேலை செய்கிற ஸ்டென்ட்டைக் காலுக்கு வைக்கக் கூடாதா? விலைக்காக மாற்றிச் சொல்கிறார்களா? அப்பா தரையில் சம்மணமிட்டுத்தான் சாப்பிடுவார், வீட்டில் இந்திய முறைக் கழிப்பறைதான். உள்ளே இருக்கும் கம்பி உடைந்துவிடுமோ, துருப்பிடிக்குமோ என்று பயமாக இருக்கிறது.

– வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் அப்பாவின் மருத்துவர் சொன்னது சரி. தொடை ரத்தக்குழாய்க்கு இதய ஸ்டென்ட் பொருந்தாது. விலைக்காகச் சொல்லப்பட்ட வித்தியாசம் இல்லை இது. இரண்டும் விரியும் விதமே வேறு. நீங்கள் கேட்காத ஒரு கேள்வியும் இதில் இருக்கிறது: அப்பாவுக்கு இப்போதே ஸ்டென்ட் தேவைதானா? உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு அதற்கும் வருகிறேன். அதைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வராது.

என் மேசையில் இரண்டு மாதிரி ஸ்டென்ட்டுகள் இருக்கும். இதே சந்தேகத்தோடு வருகிறவர்களிடம் அவற்றைக் கொடுத்து, இரண்டு விரலால் அமுக்கிப் பார்க்கச் சொல்வேன். இதயத்தில் வைக்கும் வகையை அமுக்கினால் தட்டையாகி, அப்படியே கிடக்கும். கட்டுக்கம்பியை வளைத்தால் வளைந்தபடியே நிற்கிறதே, அது போல. அதுதான் அதன் வேலை முறையும்கூட. சுருக்கிய நிலையில் ஒரு பலூன் மேல் ஏற்றி, அடைப்பு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், பலூனை ஊதுவோம். உலோகம் வளைந்து விரியும். பலூனை எடுத்த பிறகும் விரிந்தபடியே நிற்கும். ஒரு துளி பின்வாங்கும், அவ்வளவுதான். எத்தனை மில்லிமீட்டர் விரிய வேண்டும் என்பது முழுக்க எங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதால், இரண்டரை முதல் நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள இதயக் குழாய்களுக்கு இது மிகவும் வசதி. அந்தக் குழாய்கள் இதயத்தோடு சேர்ந்து துடிக்கும், வளையும். ஆனால் விலாக்கூட்டுக்குள் பத்திரமாக இருப்பவை. வெளியிலிருந்து யாரும் அவற்றை அமுக்கப் போவதில்லை.

இன்னொன்று நிட்டினால் ஸ்டென்ட். நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறைய சரிபாதி கலந்த உலோகம். இதை அமுக்கினால் நசுங்கும், விட்டதும் மறுபடி வட்டமாகிவிடும். ஐஸ் தண்ணீரில் போட்டால் துவண்டுபோய்ச் சொன்னபடி கேட்கும். வெதுவெதுப்பான தண்ணீருக்கு மாற்றினால் பழைய உருவத்துக்கே திரும்பிவிடும். தயாரிக்கும்போது குளிர்வித்துச் சுருக்கி, மெல்லிய உறைக்குள் அடைத்துவிடுகிறார்கள். அடைப்பு இருக்கும் இடத்தில் உறையைப் பின்னால் இழுத்தால், உடலின் சூட்டில் தானாகவே விரிந்து குழாய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். உங்கள் மருத்துவர் சொன்ன ஸ்டென்ட் இதுதான்.

இப்போது தொடையைப் பாருங்கள். அந்த ரத்தக்குழாய் இடுப்பிலிருந்து முழங்கால் வரை தசைகளுக்கு நடுவே இறங்குகிறது. நடக்கும்போது, உட்காரும்போது, குத்துக்காலிடும்போது அது வளைகிறது, முறுக்குகிறது, நீளவாக்கில் குறுகுகிறது, பக்கவாட்டில் அமுங்குகிறது. பலூனால் விரித்த ஸ்டென்ட் அங்கே ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான். கழுத்து ரத்தக்குழாயில் இந்தப் பாடத்தை மருத்துவ உலகம் முன்பே படித்தது. தொடக்கத்தில் அங்கே வைத்த பலூன் வகை ஸ்டென்ட்டுகளில் சில, வெளி அழுத்தத்தில் நசுங்கிப்போயின. அதனால்தான் இன்று கழுத்துக்கும் தானாக விரியும் வகையே. ஆனால் காலுக்கென்றாலே நிட்டினால்தான் என்றும் நினைத்துவிடாதீர்கள். அடைப்பு இடுப்பெலும்புக்குள் ஓடும் குழாயில் இருந்தால், அது அதிகம் அசையாத இடம் என்பதால் பலூன் வகையையும் தாராளமாக வைக்கிறோம். எந்த உறுப்பு என்பதைவிட, அந்தக் குழாய்த் துண்டு எவ்வளவு அசைகிறது என்பதே தீர்மானிக்கிறது.

சொல்லப்போனால், ரத்தக்குழாய் அடைப்பை உள்ளிருந்தே திறக்கும் இந்த வைத்தியம் முதலில் தொடங்கியதே தொடையில்தான். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் சார்லஸ் டாட்டர் என்ற மருத்துவர், காலை வெட்டி எடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைக் குழாய் அடைப்பைக் குழல்களை உள்ளே செலுத்தியே விரித்தார். கால் பிழைத்தது. 1969-இல் அவரே சுருள் கம்பிகளை நாய்களின் கால் குழாயில் வைத்துப் பரிசோதித்தார். 1983-இல் நிட்டினால் சுருள் வந்தது. சுருள் கம்பியில் ஒரு சிக்கல்: சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி விழும், அதன் வழியே கொழுப்புப் படிவும் திசுவும் உள்ளே பிதுங்கும். அதற்கு மாற்றாக மெல்லிய எஃகுக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் குழாயாக்கினார்கள். 1986-இல் பிரான்ஸின் துலூஸ் நகரில் ழாக் பியூயலும், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உல்ரிச் சிக்வார்ட்டும் மனித இதயத்தில் முதலில் வைத்த ஸ்டென்ட் இந்தப் பின்னல் வகைதான். அதுவும் தானாக விரிவதே. ஆனால் பின்னல் விரிய விரிய நீளம் குறையும். சரியான இடத்தில் நிறுத்துவது கடினம்.

அப்புறம்தான் அர்ஜென்டினாவில் பிறந்த ஹூலியோ பால்மாஸ் வந்தார். சுவர்ப் பூச்சு பிடித்து நிற்பதற்காக வைக்கும் வலைத் தகட்டிலிருந்து அவருக்கு யோசனை கிடைத்தது. கம்பியை விட்டுவிட்டு, ஒரே உலோகக் குழாயில் வரிசையாகக் கீறல்கள் போட்டு, பலூனால் விரித்து, கீறல்களைக் கட்டங்களாக மாற்றினார். அவரும் ரிச்சர்ட் ஷாட்ஸும் சேர்ந்து உருவாக்கிய இதய ஸ்டென்ட் 1994-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உங்கள் அப்பாவின் நெஞ்சில் இருப்பது அந்த வழியில் வந்தது. இப்போது அந்தக் கட்டங்களின் கம்பி மிக மெல்லிதாகிவிட்டது, மேலே மருந்துப் பூச்சும் இருக்கிறது. மெல்லிய கம்பி என்பது சும்மா நாகரிகத்துக்காக இல்லை. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கம்பியையும் 140 மைக்ரான் கம்பியையும் ஒப்பிட்டார்கள். குழாய் மறுபடி சுருங்கியது மெல்லிய கம்பி வைத்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு, தடித்த கம்பி வைத்தவர்களில் 25.8 சதவீதம் பேருக்கு. கம்பி தடித்தால் குழாய்ச் சுவருக்குக் காயம் அதிகம், காயம் ஆறும்போது வளரும் திசுவும் அதிகம்.

உடைந்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது, மழுப்பாமல் சொல்கிறேன். தொடையில் வைத்த நிட்டினால் ஸ்டென்ட்டுகளில் கம்பி முறிவது உண்டு. 2005-இல் ஜெர்மனியிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், சிகிச்சை பெற்ற கால்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எங்காவது ஒரு முறிவு இருந்தது. ஸ்டென்ட் நீளம் கூடக் கூட முறிவும் கூடியது. முறிந்த இடங்களில் மறுபடி அடைப்பதும் அதிகம். அதற்குப் பிறகுதான் இந்த வடிவமைப்பில் பெரிய மாற்றங்கள் வந்தன. ஸ்டென்ட் என்பது வளையங்களின் வரிசை. வளையத்தையும் வளையத்தையும் சின்னச் சின்னப் பாலங்கள் இணைக்கின்றன. பாலங்கள் நிறைய இருந்தால் ஸ்டென்ட் விறைப்பாக நிற்கும், முழங்கால் மடங்கும்போது அதன் பாரம் எல்லாம் பாலங்களில் விழும். பாலங்களைக் குறைத்து, திருகலாக அமைத்தால் குழாயோடு சேர்ந்து வளையும். மிகவும் குறைத்துவிட்டால் வளைவில் வாய் பிளந்து, தாங்கும் பலம் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவே இடம் தேடுவதுதான் ஸ்டென்ட் பொறியாளர்களின் தீராத வேலை. முழங்காலை ஒட்டிய இடத்துக்கு இன்று நிட்டினால் கம்பிகளையே பின்னிச் செய்த ஸ்டென்ட்டுகளும் இருக்கின்றன. நசுக்கினால் தாங்குவதில் அவை கெட்டி. ஆனால் அவை வெளிப்பக்கம் அதிகம் தள்ளாதவை. அதனால் குழாயை முதலில் பலூனால் நன்றாக விரித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். வைக்கும்போது இழுத்து நீட்டிவிட்டால் பலம் குறையும். கைப்பழக்கம் உள்ளவர் வைப்பதே நல்லது.

நிட்டினாலிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம் ஒன்று உண்டு. அது வெளிப்பக்கம் தள்ளும் விசை மென்மையானது. ஆனால் வெளியிலிருந்து அமுக்க வந்தால் அதைவிடப் பல மடங்கு பலமாக எதிர்த்து நிற்கும். ரத்தக்குழாய்க்கு வேண்டியது இதுவேதான். என்றாலும் அளவு முக்கியம். பின்னாமல், நிட்டினால் குழாயை லேசரால் வெட்டிச் செய்த வகையை ரத்தக்குழாயைவிட ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பெரிதாகத் தேர்ந்தெடுப்போம். அதற்கும் மேலே போனால் மாதக்கணக்கில் சுவரைத் தள்ளிக்கொண்டே இருந்து, திசு வளரத் தூண்டிவிடும். பெரிது வைத்தால் நல்லது என்பது இங்கே செல்லாது.

துரு பற்றிக் கவலை வேண்டாம். நிட்டினாலின் மேல் டைட்டானியம் ஆக்சைடு படலமும், இதய ஸ்டென்ட்டின் கலவைகள் மேல் குரோமியம் ஆக்சைடு படலமும் தாமாகவே உருவாகிக் காக்கின்றன. பளபளவென்று மெருகேற்றுவதும் அதற்காகத்தான். பத்து ஆண்டு நாடித்துடிப்புக்குச் சமமாக, ஏறக்குறைய 40 கோடி முறை விரித்துச் சுருக்கிச் சோதித்த பிறகே சந்தைக்கு வருகின்றன. சில வாரங்களிலிருந்து மாதங்களுக்குள் குழாயின் உள்தோல் கம்பிமேல் படர்ந்து மூடிவிடும். அது மூடும்வரை வெறும் உலோகத்தில் ரத்தம் உறையக்கூடும். ஆகவே ரத்தத்தட்டுகள் ஒட்டி உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை நீங்களாக ஒருநாளும் நிறுத்தாதீர்கள், பல் பிடுங்குவதற்காகக்கூட. யாருக்காவது நிக்கல் நகை போட்டால் கடுமையாக அலர்ஜி வரும் என்றால் அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

உட்காருவது பற்றி: அடைப்பு தொடையின் நடுப்பகுதியில் இருந்தால் சம்மணமிட்டுச் சாப்பிடுவது பெரும்பாலும் பிரச்சினை இல்லை. முழங்காலுக்குப் பக்கத்தில் வரை ஸ்டென்ட் இறங்கினால், நீண்ட நேரம் குத்துக்காலிடுவதைத் தவிர்ப்பது நல்லது. வீட்டுக் கழிப்பறையில் உட்காரும் வசதி செய்துகொடுங்கள். 64 வயதில் அது மூட்டுக்கும் உதவும். ஸ்டென்ட்டின் கீழ் முனை எங்கே முடிகிறது என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

விலை விஷயம். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு, மருந்துப் பூச்சுள்ள ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய், பூச்சில்லாததற்கு 7,260 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அது இதய ஸ்டென்ட்டுகளுக்கான உத்தரவு. கால் ஸ்டென்ட்டுகள் அதில் வரவில்லை. ஆகவே விலை வேறாக இருப்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. எழுத்தில் மதிப்பீடு கேட்டு வாங்குங்கள், காப்பீட்டுத் திட்டத்தில் எவ்வளவு வரும் என்றும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

சரி, இப்போது நீங்கள் கேட்காத கேள்வி. நடந்தால் வலி, நின்றால் நிவாரணம், காலில் புண் இல்லை, இரவில் வலி இல்லை என்ற நிலையில் கால் உடனே போய்விடும் ஆபத்து பெரும்பாலும் இல்லை. இந்தக் கட்டத்தில் முதல் வைத்தியம் நடைப்பயிற்சி. வலி நன்றாக வரும்வரை நடக்க வேண்டும், நின்று வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும். இப்படி முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம், வாரத்துக்கு மூன்று நாளாவது, குறைந்தது மூன்று மாதம். நடக்கும் தூரம் கண்ணெதிரே கூடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். இதய நோயாளி என்பதால் தொடங்கும் முன் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வலி குறைக்க சிலோஸ்டசால் என்ற மாத்திரை உண்டு. இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைந்திருந்தால் அது கூடாது, எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையை மருத்துவரிடம் காட்டாமல் வாங்காதீர்கள். கொழுப்பு மாத்திரையும் சர்க்கரைக் கட்டுப்பாடும் தொடரட்டும்.

பீடியை விட்டே ஆக வேண்டும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. பீடி தொடர்ந்தால் எந்த உலோகமும், எந்தப் பின்னலும் அந்தக் குழாயைத் திறந்து வைத்திருக்காது. அப்பாவிடம் சண்டை போடாமல், புகை நிறுத்த மருந்தும் ஆலோசனையும் கிடைக்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள்.

மூன்று மாதம் ஒழுங்காக நடந்தும் அன்றாட வேலை தடைபடுகிறது என்றால் அப்போது தயங்காமல் ஸ்டென்ட் பற்றிப் பேசலாம். தொடையில் சில அடைப்புகளை மருந்து தடவிய பலூனால் மட்டும் திறந்து, ஸ்டென்ட் இல்லாமலேயே விட முடியும். அதையும் கேளுங்கள். போகும்போது இதய ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த விவர அட்டையை எடுத்துச்செல்லுங்கள், எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தாலும் அது உதவும்.

தினமும் இரவில் அப்பாவின் இரண்டு பாதங்களையும், விரலிடுக்கு உட்பட, வெளிச்சத்தில் பாருங்கள். ஆறாத புண், கறுத்த விரல், படுத்திருக்கும்போது வலித்துக் காலைத் தொங்கப்போட்டால் குறைவது, இவற்றில் எது தெரிந்தாலும் மூன்று மாதக் கணக்கெல்லாம் கிடையாது, அந்த வாரமே சிகிச்சை வேண்டும். கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் அடுத்த நாள் வரை காத்திருக்காமல் அந்த மணிநேரமே ரத்தக்குழாய் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.