ரத்தத்தில் குட்டிப்புழு இல்லை, கிட்டில் பாசிட்டிவ்: எதை நம்புவது?

கேள்வி: எங்கள் நாய்க்கு ஐந்து வயது. இரண்டு மாதமாக, கொஞ்சம் ஓடினாலே இருமுகிறது. ஒரு மருத்துவர் ரத்தத்துளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு ‘புழு இல்லை’ என்றார். இன்னொருவர் கிட் வைத்துப் பார்த்து ‘இதயப்புழு பாசிட்டிவ்’ என்கிறார். கோடு நன்றாக அழுத்தமாக விழுந்திருக்கிறது. யார் சொல்வது சரி? நோய் முற்றிவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். இரண்டு சோதனைகளும் தேடும் பொருள் வேறு.

மைக்ராஸ்கோப்பில் தேடுவது மைக்ரோஃபைலேரியா எனும் குட்டிப்புழுக்களை. கிட் பிடிப்பது, வளர்ந்த பெண் புழு ரத்தத்தில் விடும் ஆன்டிஜென் என்ற புரதத்தை. வளர்ந்த புழுக்கள் நுரையீரலுக்குப் போகும் தமனிகளில்தான் பெரும்பாலும் குடியிருக்கும். எண்ணிக்கை கூடும்போது இதயத்தின் வலப்பக்கம் வரை வரும். அங்கே பெண் புழுக்கள் மட்டுமே இருந்தாலோ, மாதாந்திரத் தடுப்பு மருந்து கொடுத்து வந்திருந்தாலோ, நாயின் எதிர்ப்பு சக்தியே குட்டிகளை அழித்துவிட்டாலோ ரத்தத்தில் குட்டிப்புழு தென்படாது. ஒரு துளியில் தப்பிப்போகவும் வாய்ப்புண்டு. ஒரு மில்லி ரத்தத்தை ஃபார்மலினில் கலந்து சுழற்றிப் பார்க்கும் நாட் சோதனை அதைவிட நம்பகமானது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். குட்டிப்புழு தெரியும், கிட் நெகட்டிவ் என்று வரும். தோலுக்கடியில் வாழும் டைரோஃபைலேரியா ரெபென்ஸ் போன்ற வேறு புழுவின் குட்டிகளாக அவை இருக்கலாம்; அது இதயத்தைத் தொடுவதில்லை. ஆண் புழுக்கள் மட்டும் இருந்தாலும், தொற்று ஏற்பட்டு ஆறு மாதம் ஆகாமல் இருந்தாலும் கிட் நெகட்டிவ் காட்டலாம். சில நாய்களில் ஆன்டிஜென் எதிர்ப்புப் பொருளோடு ஒட்டிக்கொண்டு மறைந்துவிடும். சந்தேகம் தீராதபோது சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) சூடாக்கி மீண்டும் சோதிப்பது இதற்காகத்தான்.

உங்கள் நாய்க்கு இருமலும் இருக்கிறது, கிட்டும் பாசிட்டிவ். அதனால் இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் சிகிச்சைக்கு முன் புதிதாக ரத்தம் எடுத்து, வேறு நிறுவனத்தின் கிட்டில் இன்னொரு முறை உறுதி செய்யச் சொல்லுங்கள். வளர்ந்த புழுவைக் கொல்லும் மெலார்சோமின் ஊசி முதுகுத் தசையில் ஆழமாகப் போடுவது, வலிக்கும். செத்த புழுக்கள் நுரையீரல் தமனிகளை அடைக்கும் ஆபத்தும் உண்டு. தேவையில்லாத நாய்க்கு அதைப் போடக்கூடாது.

சரி, கோடு அழுத்தமாக இருந்தால் நோய் முற்றியது என்று அர்த்தமா? இல்லை. கோட்டை வைத்துப் புழுக்களை எண்ண முடியாது. பாதிப்பை அளக்க எனக்கு முதலில் வேண்டியது மார்பு எக்ஸ்ரே. நுரையீரல் தமனிகள் தடித்து வளைந்திருக்கின்றனவா, இதயத்தின் வலப்பக்கம் வீங்கியிருக்கிறதா என்று அதில் தெரியும். எக்கோ எனும் இதய ஸ்கேனில் புழுக்கள் இரட்டைக் கோடுகளாகவே தெரிவதுண்டு. ஆனால் எக்கோவில் தெரியவில்லை என்பதால் புழு இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. சிறுநீரகம், கல்லீரல், ரத்த அணுக்களுக்கான சோதனையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்ற சோதனையும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும். நாயின் சுறுசுறுப்பையும் கணக்கில் எடுப்போம். அதே அளவு புழுக்கள் படுத்தே கிடக்கும் நாயைவிட ஓடியாடும் நாயை அதிகம் வாட்டும்.

இன்றிலிருந்தே ஓட்டம், பந்து விளையாட்டு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இயற்கைக் கடன்களுக்கு மட்டும் கயிற்றில் பிடித்து மெதுவாக அழைத்துப் போங்கள். புழு மருந்து எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். ரத்தத்தில் குட்டிப்புழுக்கள் நிறைய இருந்து, அவை ஒரேயடியாகச் செத்தால் நாய் ‘ஷாக்’ எனும் உயிராபத்தான நிலைக்குப் போகலாம்.

திடீரென்று சுருண்டு விழுந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். புழுக்கள் இதயத்துக்குள் ரத்த ஓட்டத்தை அடைத்திருக்கலாம். அந்த நிலையில் மருந்து போதாது, கழுத்துச் சிரை வழியாகக் கருவியை விட்டு அவற்றை வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.