நமீபியாவில் நாமே வண்டி ஓட்டிப் போகலாமா? வாசகர் கேள்வி – பதில்

வாசகி, சேலம்: நமீபியா போய்வந்த தோழி, அடுத்த விடுமுறைக்கும் அங்கேதான் என்கிறாள். மணலையும் கல்லையும் பார்க்க அத்தனை தூரம் போக வேண்டுமா?

தென்மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் இந்த நாட்டின் பரப்பு 8.24 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள் 30 லட்சம் பேர். மணிக்கணக்கில் எதிரே ஒரு வண்டி வராது. அந்த அகலம் முதலில் மலைக்க வைக்கும். ஆசை பிறப்பது வண்டியை விட்டு இறங்கி, குனிந்து பார்க்கும்போதுதான். கடலில் பெங்குவேலா குளிர் நீரோட்டம் ஓடுவதால் கரையோரப் பாலையில் மழை அபூர்வம், மூடுபனி அடிக்கடி. பனி இறங்கும் விடியலில் மணல்மேட்டு உச்சிக்கு ஒரு கறுப்பு வண்டு ஏறி வரும். காற்றைப் பார்த்து நின்று, பின்புறத்தைத் தூக்கி, தலையைத் தாழ்த்திக்கொள்ளும். முதுகில் படியும் பனி துளியாகத் திரண்டு வாய்க்கு வழியும். ஸ்வாகோப்முண்ட் என்ற கடற்கரை ஊருக்கு வெளியே வெல்விட்சியா என்ற செடி இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகூட வாழும். ஆயுள் முழுக்க இரண்டே இலைகள்தான். காற்று அவற்றைக் கிழித்து நார்நாராக்கிவிடுவதால் பல இலைகள் போலத் தெரியும். தினம் ஓர் ஊர் என்று ஓடுகிறவர்களுக்கு இவை கண்ணில் படாது. உங்கள் தோழி நிதானமாகச் சுற்றியிருப்பார்.

வாசகர், திருப்பூர்: 10 நாள் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

தலைநகர் விண்ட்ஹூக்கில் முதல் இரவு, சொஸுஸ்வ்லெய் மணல்மேடுகளுக்கு வாசலான செஸ்ரியமில் இரண்டு, ஸ்வாகோப்முண்டில் இரண்டு, வழியில் ஊட்ஜோ பக்கம் ஒன்று, எட்டோஷா வனவிலங்குப் பூங்காவில் இரண்டு, கடைசி இரவு மறுபடி விண்ட்ஹூக். ஃபிஷ் ரிவர் பள்ளத்தாக்கும் லூடெரிட்ஸும் தெற்கே தள்ளி இருக்கின்றன. இந்த முறை விட்டுவிடுங்கள். செஸ்ரியமிலிருந்து ஸ்வாகோப்முண்ட் சுமார் 350 கி.மீ. பெரும்பகுதி கப்பி ரோடு என்பதால், நிறுத்தங்களோடு ஆறு மணி நேரம் வையுங்கள். சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். இருட்டினால் கூடு, ஒரிக்ஸ் என்ற பெரிய மான்கள் ரோட்டுக்கு வரும். ஆண் கூடு மான் 200 கிலோவுக்கு மேல் இருக்கும். மோதினால் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழும். இரவு ஓட்டத்தில் நடந்த விபத்துக்குப் பல வாடகை ஒப்பந்தங்களில் காப்பீடு கிடையாது. டாங்க் பாதிக்கு இறங்கினால், அடுத்து வரும் பங்க்கிலேயே நிரப்புங்கள், 200 கி.மீ.க்கு வேறு பங்க் இல்லாத தடங்கள் உண்டு.

வாசகர், நாகர்கோவில்: 20 வருடமாகக் கார் ஓட்டுகிறேன். அங்கேயும் இடப்பக்கம்தான் என்கிறார்கள். தனிப் பயிற்சி வேண்டுமா?

இடப்பக்கம்தான். ஆனால் அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு நேரும் மோசமான விபத்துகளில் பல, எதிரே வண்டியே இல்லாமல், தானாகக் கவிழ்ந்தவை. கப்பி ரோட்டில் சட்டப்படி 100 கி.மீ. வேகம் போகலாம், நீங்கள் 80ஐத் தாண்டாதீர்கள், வளைவுக்கு முன் 50க்கு இறக்குங்கள். ரோடு அலை அலையாக இருக்கும் இடங்களில் வேகம் கூட்டினால் குலுக்கல் குறையும். பலரும் ஏமாறுவது அங்கேதான். அப்போது டயர் மேடுகளின் உச்சியை மட்டுமே தொட்டு ஓடுகிறது. பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. ரோட்டின் நடுவே தளர்ந்த கல் வரப்பு போலக் குவிந்திருக்கும். கடந்தே ஆகவேண்டுமானால் வேகத்தைக் குறைத்துச் சாய்வாகக் கடந்து போங்கள். வண்டியின் பின்பக்கம் வழுக்கி இழுத்தால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள். கூரைமேல் கூடாரம் கட்டிய வண்டி சட்டென்று திருப்பினால் கவிழும். எதிர்வண்டி கிளப்பும் புழுதியில் ஹெட்லைட் போட்டு, இடப்பக்கம் ஒதுங்கி, மெதுவாகப் போங்கள்.

டயர் காற்றைக் காலையில், வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள். தார் ரோட்டுக்கு 32 பி.எஸ்.ஐ. அளவு என்றால் கப்பிக்கு 26 முதல் 28 போதும். சுமையைப் பொறுத்து வாடகை நிறுவனம் சொல்லும் அளவே இறுதி. இறுக்கமான டயரைக் கூர்கல் சுலபமாகக் கிழிக்கும். ஓடிச் சூடானதும் நாலைந்து பி.எஸ்.ஐ. ஏறும், அதற்காகக் காற்றை இறக்கிவிடாதீர்கள். வண்டி ஒரு பக்கம் இழுப்பதாகத் தோன்றினால் உடனே நிறுத்துங்கள்: பஞ்சரான டயரில் இரண்டு கி.மீ. ஓட்டினாலே பக்கச்சுவர் நைந்துவிடும், பிறகு ஒட்டவே முடியாது. இரண்டு ஸ்டெப்னி கேட்டு வாங்குங்கள். ஒன்று செலவானால் அடுத்த ஊரில் பஞ்சர் ஒட்டாமல் கிளம்பாதீர்கள். வண்டி எடுக்கும் இடத்திலேயே ஜாக்கியை இறக்கி ஒருமுறை தூக்கிப் பாருங்கள்; இளகிய தரையில் ஜாக்கி புதையும் என்பதால் அடியில் வைக்க ஒரு பலகை அவசியம்.

வாசகர், தஞ்சாவூர்: சொஸுஸ்வ்லெய் மணலில் கார் போகுமா?

செஸ்ரியம் வாசலிலிருந்து 60 கி.மீ. தார் ரோடு, சாதாரணக் காரே போதும். கடைசி 5 கி.மீ. வெறும் மணல். அதற்கு ஃபோர் வீல் டிரைவ் வேண்டும், டயரை 15–18 பி.எஸ்.ஐ.க்கு இறக்க வேண்டும், நடுவில் நிற்காமல் ஒரே சீராக ஓட்ட வேண்டும். சிக்கினால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் சுழலச் சுழல வண்டி அச்சுவரை இறங்கும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மணலை வாரி, காற்றை இன்னும் கொஞ்சம் இறக்கி, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள். தாருக்குத் திரும்பியதும் காற்றை ஏற்றிவிட வேண்டும். தொய்ந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும். மணல் பழக்கம் இல்லையென்றால் தார் முடியும் இடத்தில் கிடைக்கும் வாடகை ஜீப்பில் போவதே மேல். வாசலுக்கு உள்ளே இருக்கும் முகாமில் தங்கினால் சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே விடுவார்கள், வெளியே தங்குகிறவர்களுக்கு உதயத்தில்தான் கதவு திறக்கும். பக்கத்திலேயே இருக்கும் டெட்வ்லெய் என்ற வறண்ட பள்ளத்தில் வெண்களிமண் தரைமேல் நிற்கும் கருத்த மரங்கள் செத்துப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. ஈரமே இல்லாததால் மக்கவில்லை. அவற்றில் சாயவோ ஏறவோ கூடாது.

வாசகி, மதுரை: லைசென்ஸ், பணம், சைவச் சாப்பாடு?

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து 1,000 ரூபாய் கட்டினால் ஓராண்டுக்கான சர்வதேச ஓட்டுநர் அனுமதி கிடைக்கும். ஊர் லைசென்ஸையும் கூடவே வைத்திருங்கள். விசா விதியை டிக்கெட் எடுக்கும் முன் டெல்லியிலுள்ள நமீபியத் தூதரகத்தில் கேளுங்கள். நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒரே மதிப்பு, இரண்டும் செல்லும். மீதமாகும் நமீபிய டாலரைக் கிளம்பும் முன் செலவழித்துவிடுங்கள். சிற்றூர் உணவகங்களில் பெரும்பாலும் இறைச்சிதான். கேஸ் அடுப்போடு முகாம் வண்டி எடுத்து, அரிசி, பருப்பு, காய்கறியை விண்ட்ஹூக், ஸ்வாகோப்முண்ட் சூப்பர் மார்க்கெட்டுகளில் வாங்கிக்கொள்ளுங்கள். குடிக்க ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர். வண்டி பழுதாகி ஒருநாள் நின்றாலும் போதும்படி இன்னொரு நாளைக்கும் சேர்த்தே ஏற்றுங்கள்.