தண்ணீர் பாட்டில் ராக்கெட் போட்டி நடத்த எதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்?

ஊர்ப் பிள்ளைகளுக்குப் போட்டி வைக்கப்போவதாகக் கேட்டிருக்கிறீர்கள். பணகுடிப் பக்கம் எங்கள் ஊரில் இரண்டு வருசம் வைத்தோம். என் பதில் இதுதான்: முதலில் லாஞ்சரை, அதாவது பாட்டிலைப் பிடித்துவைத்துக் காற்றடித்து ஏவும் அமைப்பைச் சரிசெய்யுங்கள்.

முதல் வருசம் அவரவர் கார்க்கை அவரவரே கொண்டுவரலாம் என்று விட்டுவிட்டோம். கொஞ்சம் தண்ணீர் விட்ட பாட்டிலின் வாயை அடைத்து, பம்பால் காற்றடிக்க, சைக்கிள் டியூப் வால்வு செருகிய கார்க். இறுக்கமாகப் பொருந்தியது நிறையக் காற்றைத் தாங்கிவிட்டுக் கிளம்பியது. லூசானது நாலு அடி பம்பு அடித்ததுமே பீச்சிவிட்டது. ரெக்கைகளை அளந்து அளந்து வெட்டி ஒட்டிவந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையின் ராக்கெட் தென்னை உயரம்கூடப் போகவில்லை. ராக்கெட்டில் குறையே இல்லை, கார்க்தான் காரணம். எடுத்துச் சொல்லியும் அவள் முகம் தெளியவில்லை.

அடுத்த வருசம் எல்லாருக்கும் ஒரே லாஞ்சர், ஒரே அழுத்தம்: 60 பி.எஸ்.ஐ. (பம்பு மீட்டர் காட்டும் காற்றழுத்த அளவு). பிவிசி பைப்பில் பாட்டிலைக் கவிழ்த்துச் செருகினால், கழுத்து வளையத்தைச் சுற்றிலும் கேபிள் டை (ஒயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) தலைகள் பிடித்துக்கொள்ளும். அவற்றை வெளியிலிருந்து ஒரு பெரிய பைப் துண்டு இறுக்கி நிற்கும். பத்து மீட்டர் தள்ளி நின்று கயிற்றை இழுத்தால் அந்தத் துண்டு கீழிறங்கும், பாட்டில் விடுபடும்.

கலர், சோடா வந்த பாட்டில்தான் வேண்டும். மினரல் வாட்டர் பாட்டில் காற்றழுத்தம் தாங்காது. சூடான பசைத் துப்பாக்கியும் வேண்டாம், பிளாஸ்டிக் இளகிவிடும். மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் ராக்கெட் எஞ்சினைத் தரையில் கட்டிவைத்து இயக்கிப் பார்க்கிறார்களே, அதுபோல ஒவ்வொரு பாட்டிலையும் முன்னாடியே சோதித்துவிடுங்கள். வாய்வரை தண்ணீர் நிரப்பி 90 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். தண்ணீர் காற்றைப்போல அமுங்கி விரியாது. அதனால் பாட்டில் கிழிந்தாலும் வெடித்துச் சிதறாது.

ஏவும்போது மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போதும். மூக்கில் கொஞ்சம் கனம் இருந்தால்தான் தலைகுப்புறப் புரளாமல் நேரே போகும். நாங்கள் குளத்துக் களிமண்ணை உருட்டி வைத்தோம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். ரெக்கை வைத்த ராக்கெட் காற்று வரும் திசைக்கே தலையைத் திருப்பும். எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. நாங்கள் மாசியில், வெயில் ஏறுமுன் வைத்தோம்.

உயரம் அளக்கப் பாகைமானியில் நூல் கட்டிக் கல் தொங்கவிட்டால் போதும். 30 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது 45 பாகை காட்டினால், உயரம் 30 மீட்டர். அதோடு உங்கள் கண் உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் தீர்ந்ததும் பாட்டில் வாயிலிருந்து வெள்ளையாக ஒரு புகை வரும். "மாமா, தீப்பிடிச்சிட்டு!" என்று ஒரு பையன் கத்தினான். அழுத்தத்தில் இருந்த காற்று சட்டென்று விரிந்து குளிரும்போது உண்டாகும் பனிதான் அது. அதைப் பார்ப்பதற்காகவே அவன் அன்றைக்கு நான்கு தடவை வரிசையில் வந்து நின்றான். ஒவ்வொரு அணிக்கும் இரண்டு வாய்ப்பாவது கொடுங்கள்; முதல் தடவை பார்த்ததை வைத்து ரெக்கையையும் தண்ணீரையும் மாற்றிப் பார்க்க அவர்களுக்கு நேரம் வேண்டும். முதல் வருசம் கார்க்கால் ஏமாந்த அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையும் மறுவருசம் வந்தாள். முதல் ஏவலில் அவள் ராக்கெட் சாய்ந்து போனது. மூக்கில் இன்னொரு உருண்டை களிமண் வைத்துவிட்டு வந்தாள். இரண்டாவது தடவை நூல் 45-ஐத் தாண்டியது.