சபைப் பணம் நம் லயத்துக்கு எப்படி வரும்? கேள்வி பதில்

பிரதேச சபை, நகர சபை இரண்டிலுமாக 29 வருடம் சமூக அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்தேன். பெரும்பகுதி நுவரெலியா மாவட்டத்தில், லயம் என்ற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு நடுவில்தான். வசதி குறைந்த குடும்பங்களுக்கான பணத்தைச் சபை எப்படிப் பிரிக்கிறது, ஏன் சில இடங்களுக்கு வருவதே இல்லை என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப் பணத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அது பிரதேச செயலகத்தின் வேலை.

பொகவந்தலாவையிலிருந்து: மிஸ், தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில் எங்கள் லயம், 24 வீடு. ரோட்டிலிருந்து ஏறுகிற பாதை மழை வந்தால் ஓடைதான். போன வருடம் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கம்பளியில் கட்டித்தான் கீழே இறக்கினோம். எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டோம். கஷ்டப்பட்ட சனத்துக்கு முதலில் கொடுக்க வேண்டாமா?

கொடுக்க வேண்டும். ஆனால் நான் கண்ட வரைக்கும் பணம் முதலில் போவது கடதாசி தயாராக இருக்கிற இடத்துக்குத்தான். உங்களைவிட வசதியான ஒரு தெரு அடுத்த மாதமே கொங்கிரீட் ஆவதற்குக் காரணம் இதுதான். அந்தத் தெரு சபையின் பதிவேட்டில் இருக்கும், அளந்து மதிப்பீடு போட்டிருக்கும், கோவை, அதுதான் பைல், மேசையில் இருக்கும். உங்கள் பாதைக்கு ஒரு வரி எழுத்துக்கூட இருக்காது.

முதலில் எந்தப் பையிலிருந்து கேட்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். சபையின் சொந்த வருமானம் ஒரு பை: வீடு, கடைகளுக்கான சோலை வரி, வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணம், சந்தைக் கடை வாடகை, மாகாணம் வழியாக வரும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம். இரண்டாவது, மாகாணத்தின் அபிவிருத்தி நன்கொடை. நிதி ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு மாகாணத்துக்குத் தருவதிலிருந்து இது வரும். மூன்றாவது, பாராளுமன்ற உறுப்பினர்கள் பரிந்துரைக்கும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி. அது செயலகங்கள் வழியாகப் போகும், சபையின் கைக்கு வராது. எம்.பி. வாக்குக் கொடுத்த பாதையைத் தவிசாளரிடமும், தவிசாளர் சொன்னதை எம்.பி.யிடமும் கேட்டே நம் சனத்துக்கு வருடங்கள் போய்விடுகின்றன.

அடுத்தது, பாதை யாருடையது? 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. காணி அரசாங்கத்தினுடையது, குத்தகை கம்பனியினுடையது, நடப்பது நீங்கள். கணக்காய்வுக்காரர் வந்து "யாருடைய காணியில் சபைப் பணத்தைக் கொட்டினீர்கள்?" என்று கேட்டால் செயலாளர் பதில் சொல்ல வேண்டும். அதனால் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் இல்லாமல் கோவை அசையாது. நான் வேலை செய்த ஒரு சபையில் பாதி தூரம் கொங்கிரீட் போட்ட பிறகுதான் கடிதம் இல்லை என்பது தெரிந்தது. வேலையை நிறுத்தினார்கள். அது மாகாணப் பணம். டிசம்பர் 31 தாண்டியதும் மிச்சம் திரும்பிப் போய்விட்டது. பணிய லயத்துக்குப் பாதை வந்தது, மேட்டு லயத்துக்கு வரவில்லை. அந்த மேட்டு லயத்து அம்மாமார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் மனதில் இருக்கிறது. கோவையைப் பார்க்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

ஆகவே உங்கள் வேலை இது. தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வாங்குங்கள். கிராம சேவகரின், அதுதான் ஜி.எஸ்.ஸின், கையெழுத்தோடு வீட்டுக் கணக்கு எடுங்கள். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரை, அதுதான் டி.ஓ.வை, கூட்டி வந்து அளக்க வையுங்கள். இவை செப்டம்பருக்குள் சபையில் இருந்தால்தான் அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தில் ஏறும். நவம்பரில் ஓடி வந்தால் பிந்திவிட்டது. எதைக் கொடுத்தாலும் பிரதி எடுத்து, அதில் சபை முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து: 2022இல் கடிதம் கொடுத்தோம். இன்னும் பதில் இல்லை.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6 தேர்தல் வரைக்கும் தெரிவான உறுப்பினர்களே இல்லை, செயலாளர்கள்தான் நடத்தினார்கள். பழைய கடிதம் ஏதோ ஒரு அலுமாரியில் இருக்கும். புதிதாகக் கொடுங்கள். பிரதி, முத்திரை, தேதி.

ஹட்டனிலிருந்து: அஸ்வெசும பட்டியலில் அம்மாவின் பெயர் இல்லை. சபையில் சொல்லலாமா?

சபையால் ஒன்றும் செய்ய முடியாது. பிரதேச செயலகத்தின் நலன்புரிப் பிரிவில் கேளுங்கள்.

பண்டாரவளையிலிருந்து: அக்கா, என் தம்பி அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே நகர சபைகள் வருமானம் குறைந்தவர்களுக்கென்றே சமூக அபிவிருத்தி மானியம் கொடுக்கின்றனவாம். எந்த அடிப்படையில் பிரிக்கிறார்கள்?

நல்ல கேள்வி. பயிற்சி வகுப்பொன்றில் இதைப் படித்ததிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

1974இல் வந்த சட்டம் அது. மத்திய அரசு நகரங்களுக்கு ஒரு சூத்திரத்தின்படி பணம் கொடுக்கும்: சனத்தொகை, வறுமை, வீட்டு நெரிசல், பழைய வீடுகள் என்று கணக்கு. எந்த வேலைக்குச் செலவழிப்பது என்பதை நகரம் தீர்மானிக்கலாம், ஆனால் கட்டுப்பாடு உண்டு. செலவாகும் பணத்தில் குறைந்தது 70 சதவீதம், வருமானம் குறைந்தவர்களுக்கும் நடுத்தரத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கும் பயன்பட வேண்டும். அந்தப் பகுதியின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் போகாதவர்கள் இந்தக் கணக்கில் வருவார்கள். ஒரு தெருவுக்குப் பாதை போடுவதென்றால் பொதுவாக அங்கே இருப்பவர்களில் 51 சதவீதமாவது அப்படிப்பட்டவர்களாக இருக்க வேண்டும். திட்டம் போடுவதற்கு முன்னால் பொதுக் கூட்டம் வைத்து ஊர்ச் சனத்தைக் கேட்க வேண்டும். அங்கேயும் சண்டை உண்டு, செல்வாக்கு உண்டு. ஆனால் 70 என்ற அந்த எண் சட்டத்தில் இருக்கிறது. கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க ஒரு பிடி இருக்கிறது.

நம் நாட்டின் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டமும் அதே 1974இல்தான் தொடங்கியது. ஒரே வருடத்தில் இரண்டு நாடுகள் பணத்தைக் கீழே இறக்க நினைத்தன. அங்கே பயன் யாருக்குப் போக வேண்டும் என்று எழுதினார்கள். இங்கே பரிந்துரைப்பவர் யார் என்று எழுதினார்கள்.

நம் சபைகள் பலவற்றில், உறுப்பினருக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பதுதான் வழக்கம். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஒரு வட்டாரத்தில் எல்லாப் பாதையும் போட்டாகிவிட்டது, அடுத்த வட்டாரத்தில் ஆறு தோட்டப் பிரிவுக்கு, அதாவது டிவிசனுக்கு, ஒரு பாதைகூட இல்லை. இரண்டுக்கும் ஒரே தொகை கொடுத்தால் அது நியாயமா? ஒரு சபையில் நாங்கள் புள்ளித் தாள் ஒன்று செய்து பார்த்தோம். எத்தனை வீடு, ரோட்டுக்கு எவ்வளவு தூரம், தண்ணீர் எங்கிருந்து, வயதானவர்கள் எத்தனை பேர் என்று புள்ளி போட்டு வரிசைப்படுத்தினோம். ஒரே ஒரு வருடம் நடந்தது. அந்த வருடம் முதலிடத்தில் வந்த லயத்தின் பெயரை எந்த உறுப்பினரும் அதற்கு முன் சபையில் சொன்னதே கிடையாது. அடுத்த வருடம் பழையபடி சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். இப்படியொரு தாளைச் சபை தீர்மானமாகவே நிறைவேற்றலாம். உங்கள் உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்.

கொட்டகலையிலிருந்து: லயத்துக் கூரை ஒழுகுகிறது. சபை தகரம் தருமா?

லயம் தோட்டத்தின் கட்டடம். தோட்ட நிர்வாகத்திடமும் பெருந்தோட்ட மனித வள அபிவிருத்தி நிதியத்திடமும் எழுத்தில் கேளுங்கள்.

ஹட்டனிலிருந்து, கடைக்காரர் ஒருவர்: இதுவரை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், சகோதரி. நாங்கள் வருடா வருடம் சோலை வரி கட்டுகிறோம். எங்கள் கடை வாசலில் கான் நிறைந்து நாறுகிறது. வரியே கட்டாத தோட்டத்துக்கு ஏன் சபைப் பணம் போக வேண்டும்?

உங்கள் கானைப் பற்றிய குறை நியாயமானது. அதைச் சுத்தம் செய்வது சபையின் கடமை. நீங்கள் இருப்பது நகர சபையில், தோட்டங்கள் பெரும்பாலும் பிரதேச சபைகளில். உங்கள் சோலை வரி அவர்களுக்குப் போவதே இல்லை. ஆனால் "வரி கட்டாத தோட்டம்" என்ற பேச்சைப் பிரதேச சபைக்குள்ளேயும் கேட்டிருக்கிறேன், அதனால் முழுதாகப் பதில் சொல்கிறேன்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் பிரதேச சபைக்கு இரண்டு வரி இருக்கிறது. கட்டடங்கள் நெருங்கிய இடத்துக்குச் சோலை வரி, நிரந்தரப் பயிர்ச்செய்கைக் காணிக்கு ஏக்கர் வரி. தேயிலைக் காணி அந்த இரண்டாவதில் வருகிறது. அதாவது தோட்டத்திலிருந்து வரி கேட்கச் சட்டம் எப்போதோ வழி வைத்திருந்தது. ஆனால் அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு கிராமங்களைப் பற்றித்தான் பேசியது. தோட்டம் தனியார் நிர்வாகம், அங்கே சபை பணம் செலவழிக்கக் கூடாது என்ற விளக்கத்தில் லயத்துச் சனம் 30 வருடத்துக்கு மேல் வெளியே நின்றது. வாக்குப் போட்டார்கள், தவிசாளரைத் தெரிவு செய்தார்கள், ஒரு படிக்கட்டு கட்டக் கேட்டால் "சட்டத்தில் இடமில்லை" என்ற பதில். நானே அந்தப் பதிலை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள்.

தலவாக்கலையிலிருந்து, ஆசிரியர் ஒருவர்: கடைக்கார அண்ணனுக்கு ஒன்று. சம்பள நாளில் உங்கள் கடையில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

ஹட்டன் கடைக்காரர்: அது வியாபாரம் தம்பி, வரி வேறு. நான் தோட்டச் சனத்துக்கு எதிரி இல்லை. என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். டவுனுக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிற குடும்பங்களும் ஏழைதான். அவர்களைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை.

இந்தக் கடைசி வரிக்கு நான் உடன்படுகிறேன் அண்ணன். டவுன் வாடகை அறைச் சனத்துக்குத் தொழிற்சங்கமும் இல்லை, தோட்ட நிர்வாகமும் இல்லை. வரி பெயர் வீட்டுக்காரருடையது என்பதால் சபையின் கண்ணிலேயே படுவதில்லை. அவர்களுக்குப் பொதுக் கழிவறை, தண்ணீர்க் குழாய் கேட்டு நகர சபைக்கு யாராவது எழுத வேண்டும். நீங்கள் வரி கட்டுகிறவர், உங்கள் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. எழுதுங்கள்.

இராகலையிலிருந்து: எப்படிப் பார்த்தாலும் வரி கட்டுகிறவனுக்குத்தானே முதல் உரிமை?

சபைப் பணம் கடை வருமானம் போல் பங்கு பிரிக்கிற பணம் இல்லை. மேலே எழுதியதை வாசியுங்கள். இதற்கு மேல் இந்த விஷயத்தில் பதில் இல்லை.

ஹப்புத்தளையிலிருந்து: எங்கள் லயத்துக்கு மேலே மண் வெடித்திருக்கிறது. கான் வெட்டப் பணம் கேட்கலாமா?

கான் இருக்கட்டும். முதலில் ஜி.எஸ்.ஸிடமும் மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவிடமும் இன்றைக்கே சொல்லி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்களை வரவழைத்துப் பார்க்க வையுங்கள். இடம் மாற வேண்டும் என்று அவர்கள் எழுதினால், மாற்றுக் காணி கேட்டு நில்லுங்கள். அந்த இடத்திலேயே கானும் மதிலும் கட்டித் தருகிறோம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை இறங்கியது. அங்கே முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. மழை கூடினால் இரவில் அங்கே படுக்காதீர்கள்.

நோர்வூட்டிலிருந்து: எங்கள் மாதர் சங்கமே வேலையை எடுத்துச் செய்யலாமா?

செய்யலாம். சிறிய வேலைகளைப் பதிவுள்ள சங்கங்களுக்குச் சமூக ஒப்பந்தமாகக் கொடுக்கிறார்கள். தொகையின் உச்சவரம்பு சுற்றறிக்கைக்கு ஏற்ப மாறும், டி.ஓ.விடம் கேளுங்கள். ஒரே பயம், பெயருக்குச் சங்கம், வேலைக்கு வேறு ஆள். "அக்கா, இதில் ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள், மிச்சத்தை நான் பார்க்கிறேன்" என்று ஒருவர் வருவார். ஒரு வருடத்தில் கொங்கிரீட் வெடித்தால் கணக்காய்வு தேடி வருவது உங்கள் தலைவியையும் பொருளாளரையும்தான். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சீமெந்து மூடையை நீங்களே எண்ணுங்கள்.

புசல்லாவையிலிருந்து: அஸ்வெசுமக் காசு இந்த மாதம்...

பிரதேச செயலகம்.

அக்கரப்பத்தனையிலிருந்து: எங்கள் பாதைக்குப் பணம் ஒதுக்கி முடிந்துவிட்டது என்கிறார்கள். பாதை இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குத்தான் இருக்கிறது. சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. "எந்த வருடம், எந்தத் தலைப்பில், எவ்வளவு ஒதுக்கினீர்கள், ஒப்பந்தம் யாருக்கு, கொடுத்த பற்றுச்சீட்டின் பிரதி" என்று குறிப்பாகக் கேளுங்கள். "பாதை ஏன் போடவில்லை?" என்று கேட்டால் விளக்கம்தான் வரும், ஆவணம் வராது. 14 வேலை நாளுக்குள் தருகிறோமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கேயும் மறுத்தால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. தமிழிலேயே எழுதலாம். விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புகை கேட்டு வாங்குங்கள்.

பொகவந்தலாவையிலிருந்து மறுபடியும்: மிஸ், தோட்டத்து மனேஜர் துரை கடிதம் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். சபைக்கு எழுதுகிற கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

கேட்கவே சந்தோஷம். தவிசாளருக்கும் செயலாளருக்கும் சேர்த்து எழுதுங்கள். தோட்டம், டிவிசன், லய இலக்கம், வட்டாரம். 24 குடும்பம், எத்தனை பிள்ளைகள், எத்தனை வயதானவர்கள். பாதையின் நீளத்தை மீட்டரில் எழுதுங்கள், கயிறு போட்டு அளந்தாலும் போதும். கம்பளியில் கட்டி இறக்கிய அந்தச் சம்பவத்தைத் தேதியோடு இரண்டு வரியில் எழுதுங்கள். துரையின் கடிதம், ஜி.எஸ். உறுதிப்படுத்திய வீட்டுக் கணக்கு, மழை நாளில் எடுத்த படம் மூன்றையும் இணையுங்கள். சபையின் வீடமைப்பு, சமூக அபிவிருத்திக் குழுவில் இதை எடுக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். 24 வீட்டிலும் கையெழுத்து வாங்குங்கள், பெண்கள் கையெழுத்து முதலில் வரட்டும். மூன்று பிரதி எடுங்கள். ஒன்று சபைக்கு, ஒன்று வட்டார உறுப்பினருக்கு, முத்திரையும் தேதியும் விழுந்த மூன்றாவது உங்கள் வீட்டுப் பெட்டிக்கு.